கெடாவுக்கு ஒரு சம்பளம், கிள்ளானுக்கு ஒரு சம்பளமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து தங்கை அழைத்தாள். "அண்ணே, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் கிடைச்சிருச்சு. ஆனா வீட்டுல ஒரே வாக்குவாதம். ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றாள். பிள்ளைக்கு வேலை கிடைத்த வீட்டில் எதற்கு வாக்குவாதம் என்று யோசித்தபடியே காரை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் சாப்பாட்டு மேசையில் கடிதம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்து ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்து முடித்த என் மருமகளுக்கு, கெடா மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இடம் போட்டிருந்தார்கள். அவள் ஒரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைதான் பேச்சை ஆரம்பித்தார்.

"மச்சான், நீங்களே சொல்லுங்க. சிலாங்கூர் பணக்கார மாநிலம். இங்க வேலை கிடைச்சா நல்ல சம்பளம் வரும். கெடா மாநிலத்துல என்ன கொடுத்துடப் போறாங்க? இவளோட கூட்டாளி பெட்டாலிங் ஜெயாவுல ஒரு கம்பெனியில சேர்ந்து மாசம் மூவாயிரத்து ஐந்நூறு வாங்குது. பேசாம பயிற்சிக் கழகத்துக்குக் கட்ட வேண்டிய ஒப்பந்தப் பணத்தைக் கட்டிட்டு இவளையும் அங்கேயே சேர்த்துடலாம்னு பார்க்கிறேன்."

அவர் சொன்னதில் பாதி தவறு, பாதி நியாயம். எந்தப் பாதி எது என்பதை அன்று அந்த மேசையில் உட்கார்ந்து விளக்க எனக்கு இரண்டு கோப்பை தேநீர் ஆயிற்று. ஏறத்தாழ 36 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஆசிரியராகப் போக ஆசைப்படலாம் என்பதால், அன்று பேசியதை இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

சம்பளத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

முதலில் மாப்பிள்ளையின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அது கேலி செய்யக்கூடிய கேள்வி இல்லை. உலகில் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஆசிரியருக்குச் சம்பளம் போடுவது அந்தந்த வட்டாரப் பள்ளி நிர்வாகம். அதற்கான பணத்தில் ஒரு பெரும்பங்கு அந்த வட்டார மக்கள் கட்டும் வீட்டு வரியிலிருந்து வருகிறது. டெக்சஸ் போன்ற மாநிலத்தில் மாநில அரசு குறைந்தபட்சச் சம்பள அட்டவணை ஒன்றைப் போட்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு கொடுப்பது என்பது வட்டாரத்தின் வசதியைப் பொறுத்தது. அதனால் ஒரே மாநிலத்துக்குள், அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகளில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் இருக்கும். ஹவாய் போல மாநிலம் முழுவதையும் ஒரே நிர்வாகமாக வைத்திருப்பது அங்கே விதிவிலக்கு.

நம் நாட்டில் கல்வி என்பது மத்திய அரசின் பொறுப்பு. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையிலேயே அப்படிப் பிரித்துவிட்டார்கள். மாநில அரசுகள் நடத்தும் சமயப் பள்ளிகள், சீனச் சமூகம் நடத்தும் தனியார் இடைநிலைப்பள்ளிகள் போன்றவை தனி. மற்றபடி அரசாங்கப் பள்ளியிலும் அரசாங்க உதவி பெறும் பள்ளியிலும் வேலை செய்யும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு ஒரே அட்டவணைதான். கெடா மந்திரி பெசார் நினைத்தாலும் அவளுடைய சம்பளத்தில் ஒரு வெள்ளியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பள்ளி வாரியமும் முடியாது, தலைமையாசிரியரும் முடியாது.

"அப்ப யார்தான் முடிவு பண்றது?" என்று கேட்டாள் மருமகள். நான்கு கதவுகள் இருக்கின்றன என்று சொன்னேன்.

சம்பள அட்டவணையை வரைவது பொதுச் சேவைத் துறை, அதாவது ஜேபிஏ. எந்தப் பதவிக்கு எந்தத் தகுதி, எந்தப் படிநிலை, குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்பதெல்லாம் அங்கே எழுதப்படுகிறது. இறுதி முடிவு அமைச்சரவையுடையது. உங்களை வேலைக்கு நியமிப்பதும், பணியில் உறுதிப்படுத்துவதும் கல்விச் சேவை ஆணையம். எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்பது கல்வி அமைச்சு. மாதா மாதம் பணத்தை வங்கிக் கணக்கில் சேர்ப்பது கணக்காளர் துறையின் வேலை. இந்த நான்கில் எதுவும் பள்ளி வளாகத்துக்குள் இல்லை.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். "இது பாதி உதவி பெறும் பள்ளி, ஆசிரியருக்குச் சம்பளமும் பாதிதான் வரும்" என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். முழு உதவி, பாதி உதவி என்று நாம் பேசுவது நிலம், கட்டடம், பராமரிப்புச் செலவு பற்றியது. தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளியானாலும், அரசாங்க நிலத்தில் நிற்கும் பள்ளியானாலும் ஆசிரியர் சம்பளம் ஒன்றே.

சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது?

மருமகளின் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னேன்.

முதல் வரி, தகுதி. பட்டதாரி ஆசிரியராக நுழைந்தால் ஒரு படிநிலை, பட்டயத்துடன் நுழைந்தால் அதற்குக் கீழே வேறொரு படிநிலை. பட்டதாரிகளின் தொடக்க நிலை பல ஆண்டுகளாக டிஜி 41 என்று அழைக்கப்பட்டது. 2024 டிசம்பர் 1-இல் பொதுச் சேவை ஊதிய முறை எனப்படும் எஸ்எஸ்பிஏ நடைமுறைக்கு வந்தபோது எண்கள் மாறின. 41 இப்போது 9. 44 என்பது 10. 48 என்பது 12. பெரியவர்கள் இன்னமும் பழைய எண்ணையே சொல்வார்கள். குழம்ப வேண்டாம்.

இந்த முதல் வரியில் நான் அடிபட்டவன். நான் சான்றிதழ் ஆசிரியராக 1986-இல் பணியில் சேர்ந்தேன். பிறகு பல ஆண்டுகள் கழித்து, என்னிடம் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர் பட்டத்தோடு அதே பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். பக்கத்துப் பக்கத்து வகுப்பு. அவர் நான்காம் ஆண்டு, நான் ஆறாம் ஆண்டு. தேர்வு வகுப்பு என்று மாலை வரை நான்தான் பிள்ளைகளோடு இருப்பேன். ஆனால் அவருடைய அட்டவணையின் உச்சவரம்பு என்னுடையதைவிட எங்கோ உயரத்தில் இருந்தது. அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. விதியைப் புரிந்துகொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் வகுப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கினேன். என் வயதுள்ள பல ஆசிரியர்கள் அப்படிப் படித்தவர்கள்தான். பிள்ளைகள் தூங்கிய பிறகு நாங்கள் சமையலறை மேசையில் இடுபணி எழுதினோம்.

இரண்டாவது வரி, ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் சம்பளம் ஒரு படி நகரும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களில் ஒன்றின் முதல் தேதி உங்கள் நகர்வுத் தேதியாக இருக்கும். நீங்கள் எப்போது பணியில் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்து அது அமையும். அந்த உயர்வு விழுக்காடாக வராது. ஒவ்வொரு படிநிலைக்கும் இத்தனை வெள்ளி என்று வைத்திருப்பார்கள். அதனால் தொடக்கத்தில் அது பெரிதாகத் தெரியும். சம்பளம் ஏற ஏற அதே தொகை சிறியதாகத் தெரியும்.

மூன்றாவது வரி, பதவி உயர்வு. முன்பெல்லாம் காலியிடம் இருந்தால்தான் உயர்வு. திறமையான ஆசிரியர் பலர் சேர்ந்த படிநிலையிலேயே ஓய்வு பெற்றதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு கால அடிப்படையிலான உயர்வு வந்தது. பட்டதாரி ஆசிரியர் ஒருவர் எட்டு ஆண்டுகள் நல்லபடியாகப் பணியாற்றினால் 41-இலிருந்து 44-க்கும், மேலும் எட்டு ஆண்டுகளில் 48-க்கும் போகலாம் என்றானது. வகுப்பறையை விட்டு அலுவலகத்துக்குப் போனால்தான் முன்னேற்றம் என்ற நிலை இதனால் மாறியது. இதில் "நல்லபடியாக" என்ற சொல் முக்கியம். ஆண்டுதோறும் வரும் மதிப்பீட்டுப் புள்ளி குறைந்தால் உயர்வு தள்ளிப்போகும்.

நான்காவது வரி, படிகள். பொதுச் சேவைக்கான நிலையான படி, வீட்டுப் படி, வாழ்க்கைச் செலவுப் படி ஆகியவை அடிப்படைச் சம்பளத்தோடு சேரும். நான் பணியில் இருந்தபோது வாழ்க்கைச் செலவுப் படிக்காக நாட்டை ஏ, பி, சி என மூன்று வட்டாரங்களாகப் பிரித்திருந்தார்கள். பெருநகரத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் கூடுதல், சிற்றூரில் இருப்பவருக்குக் கொஞ்சம் குறைவு. மாப்பிள்ளை நினைத்த "மாநில வித்தியாசம்" என்று ஒன்று உண்டென்றால் அது இங்கேதான், அதுவும் பெரிய தொகை இல்லை. சபா, சரவாக் உட்புறங்களிலும், படகிலோ மலைப்பாதையிலோ போக வேண்டிய பள்ளிகளிலும் வேலை செய்பவர்களுக்கு உட்புறப் படி தனியாக உண்டு. கடினத்தைப் பொறுத்து 500, 1,000, 1,500 வெள்ளி என மூன்று நிலைகள். தோட்டப் பள்ளிக்குத்தான் சாலை இருக்கிறதே, அது பெரும்பாலும் இந்தப் பட்டியலில் வராது.

இந்த நான்கு வரியையும் கூட்டினால், புதிதாகச் சேரும் ஒரு பட்டதாரி ஆசிரியர் மூவாயிரத்தைச் சற்றுத் தாண்டிக் கையில் எடுப்பார். அது கெடா என்றாலும், கிள்ளான் என்றாலும் ஏறக்குறைய அதுவே.

"இப்ப ஏத்தியிருக்காங்கன்னு சொன்னாங்களே?" என்றார் மாப்பிள்ளை. ஆமாம். புதிய முறையில் ஆசிரியர்கள் உள்ளிட்ட பெரும்பாலான அரசு ஊழியர்களுக்கு இரண்டு கட்டமாக 15 விழுக்காடு உயர்வு அறிவிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் 7 விழுக்காடு. அடிப்படைச் சம்பளம் 4,000 வெள்ளி வாங்கியவருக்கு முதல் கட்டத்தில் மட்டும் 320 வெள்ளி கூடியது. இந்த உயர்வு அடிப்படைச் சம்பளத்துக்குத்தான், படிகளுக்கு இல்லை. இதற்கு முந்திய ஊதிய முறை 2002-இல் வந்தது. முறையையே மாற்றி எழுத 22 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். தனியார் நிறுவனத்தில் தொழிற்சங்கம் முதலாளியோடு உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் போடும். அரசு ஊழியர் சங்கங்களுக்கு அந்த வழி இல்லை. கியூபெக்ஸ், தேசிய ஆசிரியர் சங்கம் போன்றவை கோரிக்கை மனு கொடுக்கும், கூட்டு மன்றங்களில் பேசும். அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டியதுதான்.

துரை கொடுத்த சம்பளம்

பேச்சு இந்த இடத்துக்கு வந்தபோது மருமகள் கேட்டாள்: "எல்லாருக்கும் ஒரே அட்டவணைன்னா நல்லதுதானே மாமா? எப்பவும் அப்படித்தான் இருந்துச்சா?"

இல்லை. நம் சமூகத்துக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்து 1923 தொழிலாளர் சட்டப்படி, ஒரே இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளியை நடத்த வேண்டும். நடத்தியது தோட்ட நிர்வாகம். ஆசிரியரை வைப்பதும் நீக்குவதும் துரை. பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டுவிட்டு, பிறகு வந்து பாடம் நடத்தினார். என் அம்மா படித்த பள்ளியில் கிராணிக்கு உதவியாக இருந்தவரே வாத்தியார். ரப்பர் விலை இறங்கினால் தோட்டம் செலவைக் குறைக்கும். அப்போது பள்ளிக்கூடமும் தப்பாது. ஒரு தோட்டத்து வாத்தியாருக்கும் அடுத்த தோட்டத்து வாத்தியாருக்கும் சம்பளம் ஒன்றாக இருக்க எந்தக் காரணமும் இல்லை. பட்டணத்து ஆங்கிலப் பள்ளி ஆசிரியரோடு ஒப்பிடவே முடியாது.

1956 ரசாக் அறிக்கைக்கும் 1957 கல்விச் சட்டத்துக்கும் பிறகு, உதவி பெறும் பள்ளிகள் ஒரே தேசிய அமைப்புக்குள் வந்தன. சம்பள அட்டவணையும் மெல்ல மெல்ல ஒன்றானது. ஆனாலும் ஆசிரியர்கள் நீண்ட காலம் பள்ளி வாரியங்களின் ஊழியர்களாகவே இருந்தார்கள். மற்ற அரசு ஊழியருக்கு இருந்த சலுகைகள் அவர்களுக்கு இல்லை. 1967-இல் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பின் அஸிஸ் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. அதன் பரிந்துரையால் 1970-களின் தொடக்கத்தில் ஆசிரியர்கள் அரசு ஊழியராகும் வழி திறந்தது. 1974 ஜனவரி 1-இல் கல்விச் சேவை ஆணையம் தொடங்கப்பட்டது. இன்று என் மருமகளின் மேசையில் கிடக்கும் கடிதத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் அதே வகுப்பை, அதே தகுதியோடு நடத்திய ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். சட்டப்படியே குறைவு. 1960-இல் பெண் ஆசிரியைகள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார்கள். அதன் முதல் தலைவர் ராசம்மா பூபாலன். பதின்ம வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர் அவர். சம வேலைக்குச் சம சம்பளம் என்று அவரும் அவருடைய தோழிகளும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். 1960-களின் இறுதியில்தான் அரசாங்கம் அதை ஏற்று நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. இன்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறைக்குள் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்கள் சம்பளச் சீட்டில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாததற்கு ஒரு தமிழ்ப் பெண்ணின் பங்கு இருக்கிறது.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் அன்று சம்பளம் இல்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடையில் பற்று ஏறும். நான் முதல் முறை சம்பளச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் தொகையைப் பார்க்கவில்லை. "மழை மாசத்துலயும் இதே சம்பளம்தானா?" என்றுதான் கேட்டார். ஆமாம் என்றேன். சீட்டை மடித்துச் சாமி மேடையில் வைத்துவிட்டார்.

அட்டவணைக்குத் தெரியாதவை

இதுவரை சொன்னதைக் கேட்டு மாப்பிள்ளை வாயடைத்துப் போனார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "எல்லாம் சரி மச்சான், கூட்டாளி பிள்ளைக்கு மூவாயிரத்து ஐந்நூறு. இவளுக்கு அதைவிடக் குறைச்சல்தானே?" என்றார். அது நியாயமான கேள்வி.

ஒரே அட்டவணை என்பதில் ஒரு குறை உண்டு. அந்த அட்டவணைக்கு வீட்டு வாடகை தெரியாது. ஷா ஆலத்தில் வாடகை வீட்டில் இருந்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் இளம் ஆசிரியருக்கும், சுங்கைப் பட்டாணியில் சொந்த வீட்டில் இருப்பவருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக விரைவாக ஏறியிருக்கும் நகர வாடகையை ஒரு சிறு படி ஈடுகட்டாது. கணவர் ஒரு மாநிலம், மனைவி ஒரு மாநிலம் என்று இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் ஆசிரியத் தம்பதியர் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். அவர்கள் இரண்டு வீட்டு வாடகையும், வார இறுதி எண்ணெய்ச் செலவும் கட்டுகிறார்கள். அது சம்பளச் சீட்டில் எங்கும் வராது.

சிறிய பள்ளியின் வேலைப் பளுவும் அதற்குத் தெரியாது. மாணவர் எண்ணிக்கை 150-க்குள் இருந்தால் அது குறைந்த மாணவர் கொண்ட பள்ளி. நம் தமிழ்ப்பள்ளிகளில் அப்படிப்பட்டவை நிறைய. மாணவர் குறைந்தால் ஆசிரியர் சம்பளம் குறையாது, ஆனால் ஆசிரியர் இடங்களின் எண்ணிக்கை குறையும். பாட நூல் பொறுப்பும் அவர், விளையாட்டும் அவர், கணினி வேலையும் அவர் என்று ஒருவர் தலையில் நான்கு வேலை விழும். உங்கள் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்ற முடிவு, அங்கே எத்தனை ஆசிரியர் இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

மூன்றாவதாக, ஓய்வுக் காலம். எங்கள் தலைமுறையில் "சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் பென்ஷன் உண்டு" என்று சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். 2024-இலிருந்து புதிதாகப் பணியில் சேர்வோருக்கு ஓய்வூதியத்துக்குப் பதிலாக ஊழியர் சேமநிதிச் சந்தா என்று கொள்கை மாறிவிட்டது. அதனால் என் கணக்கை வைத்து என் மருமகள் தன் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. சேமநிதியில் எவ்வளவு சேர்கிறது என்பதை அவளேதான் கவனிக்க வேண்டும். நிலையான சம்பளக்காரர் என்று தெரிந்ததும் கூட்டுறவுக் கடன் தருகிறோம் என்று முதல் மாதமே வருவார்கள். சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வதால் வலி தெரியாது. அதில் விழுந்தவர்கள் ஐம்பது வயதில் பாதிச் சம்பளத்துக்கு வாழ்வதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, அட்டவணைக்கு வெளியே நிற்பவர்கள். நான் பயிற்சிக்குப் போவதற்கு முன், 1982-இல், பேராவில் ஒரு தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. கேட்கப் போனால் "பாரம் மேலே போயிருக்கு" என்றே பதில். கடைக்காரர் என் பெயரில் ஒரு பற்றுப் புத்தகம் திறந்தார். நான்காவது மாதம் மொத்தமாக வந்தபோது பாதிக்குமேல் அவருக்கே போனது. முறைகள் இன்று எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் பிரசவ விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதிலாக வருபவர், பெற்றோர் ஆசிரியர் சங்கம் நடத்தும் பாலர் பள்ளி ஆசிரியை, இவர்களுக்கெல்லாம் நான் மேலே எழுதிய நான்கு வரியும் முழுதாகப் பொருந்தாது. பாலர் பள்ளி ஆசிரியையின் சம்பளம் நாம் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. அடுத்த முறை கட்டணத்தைத் தாமதிக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எங்கே முடிந்தது?

பிறகு இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். பெட்டாலிங் ஜெயாவில் மூவாயிரத்து ஐந்நூறு என்றால் கிள்ளானிலிருந்து போக வர எண்ணெய், டோல், வெளிச்சாப்பாடு எவ்வளவு? அந்த நிறுவனத்தில் எட்டாவது ஆண்டில் சம்பளம் என்ன என்று யாராவது எழுதித் தருவார்களா? தரமாட்டார்கள். அது இரண்டு மடங்காகவும் ஆகலாம், வேலையே இல்லாமலும் போகலாம். கெடாவில் அறை வாடகை, மோட்டார் சைக்கிளோ சிறு காரோ, மாதம் ஒரு முறை வீட்டுக்கு வரும் பேருந்துச் செலவு எவ்வளவு? எட்டாவது ஆண்டில் எந்தப் படியில் இருப்பாள் என்பதை ஏறக்குறைய இன்றே எழுதிவிடலாம். அதற்கு மேல் பெரிதாகப் போகாது என்பதையும் இன்றே எழுதிவிடலாம்.

எது நல்லது என்று நான் சொல்லவில்லை. வேகமாக ஏற நினைக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் அட்டவணை ஒத்துவராது. சம்பளத்துக்காக மட்டும் ஆசிரியராக வருபவரையும் நான் விரும்பமாட்டேன், அவரிடம் படிக்கும் பிள்ளைகள் பாவம். ஆனால் "கெடா என்பதால் குறைவு, தோட்டப் பள்ளி என்பதால் குறைவு" என்ற தவறான எண்ணத்தில் ஒரு முடிவு எடுக்கக் கூடாது.

மருமகள் அதுவரை எழுதிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பள்ளியில மொத்தம் எத்தனை பிள்ளைங்கன்னு தெரியுமா மாமா?" என்று கேட்டாள். கைப்பேசியில் தலைமையாசிரியரின் எண்ணைத் தேடி அழைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், 34 பேர். முதலாம் ஆண்டுல அஞ்சு பேர். டீச்சரைச் சீக்கிரம் அனுப்பி வைங்க, போன மாசத்திலேருந்து நான்தான் முதலாம் ஆண்டையும் பார்த்துக்கிறேன்."

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. மாப்பிள்ளை எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "சுங்கைப் பட்டாணி வரைக்கும் பேருந்து இருக்கு, அங்கேருந்து தோட்டத்துக்கு எப்படிப் போவா?" என்று கேட்டார்.

வருகிற சனிக்கிழமை நாங்கள் மூவரும் வாடகை அறை பார்க்கக் கெடாவுக்குப் போகிறோம்.